காதின் கீழே ஒரு கருப்பு வட்டம்

அந்த வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடி நடைபாதை. இரண்டு பக்கமும் பெஞ்சுகள், பெஞ்சுகள் நிறையக் கர்ப்பிணிகள். எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்று குடிக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. இடது காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், ஒரு லிச்சிப் பழம் அளவுக்கு வீக்கம்.

பக்கத்தில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மிசியே, கொமியே முவா?” என்றாள். ஐயா, எத்தனை மாதம் என்று கேட்கிறாள். நடைபாதையே சிரித்தது. “மூணு மாசம். பிள்ளை வழி தெரியாம மேலே ஏறிடுச்சு” என்றேன் நான். இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என் முகத்தின் இரண்டு பக்கமும் சிரித்தன. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ காதடியில் இப்படி ஒரு கட்டி இருந்து, படம் எடுத்து வரச் சொல்லியிருந்தால், இது உங்களுக்கு. ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். இருந்தால் கொடுத்துவிடுவேன். என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல மட்டும் முடியும்.

மூன்று வருடம் மதராஸில் தமிழ் படித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். தமிழாசிரியர் வேலைக்கு இடம் காலியாகும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. வடக்குக் கடற்கரையில் வரிசையாக ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஆங்கிலமும் பிரெஞ்சும் பேச வரும், முகம் சிரித்தாற்போல் இருக்கும் என்றால் வரவேற்பு மேசையில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினார்கள். சனிக்கிழமைகளில் கோவில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் அம்மாவும் பார்வதி அக்காவும். அக்கா ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில் ஸ்வெட்டருக்குக் கை இணைத்துத் தைத்தாள். எங்கள் வீட்டுப் பேச்சு தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான். சாமிக்கும் உறவுக்கும் மட்டும் தமிழ். இங்கே பேச்சையெல்லாம் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு நான் காவடி எடுத்தேன். பத்து நாள் விரதம், ஆற்றங்கரையில் அலகு குத்தல், ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவரும் வெள்ளி வேல். வலி இல்லை, ரத்தம் இல்லை. கோவிலில் வேலை உருவி விபூதி வைத்தார்கள். அதோடு சரி. சில வாரம் கழித்து ஷேவ் செய்யும்போது பிளேடு காதடியில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

அம்மா பொன்னுக்கு வீங்கி என்றாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். பொன்னுக்கு வீங்கி என்றால் காய்ச்சல் வர வேண்டும், விழுங்கினால் வலிக்க வேண்டும், ஒரு வாரத்தில் வடிய வேண்டும். இது வலிக்கவும் இல்லை, வடியவும் இல்லை.

எங்கள் தெருமுனை டாக்டரும் தமிழர்தான், அவரும் காவடி எடுப்பவர். என் கன்னத்தில் இருந்த தழும்புப் புள்ளியைப் பார்த்ததுமே தலையாட்டினார். காதுக்கு முன்னும் கீழுமாக இருப்பது பரோடிட் சுரப்பி (உமிழ்நீர் சுரக்கும் சுரப்பிகளில் பெரியது). அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கன்னத்தின் குறுக்கே ஓடி வாய்க்குள் திறக்கிறது. வேல் அந்தக் குழாயைக் கீறியிருக்கும், வழி அடைத்திருக்கும், உமிழ்நீர் பின்னால் தேங்கி வீங்கியிருக்கும் என்றார். ஒரு காகிதத்தில் குழாயை வரைந்தும் காட்டினார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. கதையில் ஓட்டையே இல்லை. புளிப்பு சாப்பிட்டால் வீங்குகிறதா என்று கேட்டார். புளியும் மிளகாயும் தடவிய அன்னாசியை நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். இன்று யோசித்தால், வீங்கியதா என்பது எனக்குத் தெரியாது. எச்சில் ஊறியது, அவ்வளவுதான்.

உறுதிப்படுத்திக்கொள்ள அவர் எழுதிக் கொடுத்ததுதான் அல்ட்ராசவுண்ட் (காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரையும் முறை). தீவில் அப்போது அது பிள்ளை பார்க்கும் கருவி. அதனால்தான் அந்த வரிசை.

உள்ளே இருட்டு. குளிர்ந்த பசையைக் கழுத்தில் தடவினார்கள். வயிற்றில் வைத்துப் பார்க்கும் அகலமான கருவியைக் காதடியில் சாய்த்துப் பிடித்தார் படம் எடுப்பவர். அது அங்கே சரியாகப் பொருந்தவில்லை, வழுக்கியது. நான் கழுத்தைத் திருப்பித் திருப்பித் திரையைப் பார்த்தேன், அவர் திருப்பித் திருப்பி நேராக்கினார். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். வெள்ளையாகத் தெரிந்தால் ஒலி பட்டுத் திரும்புகிறது. கருப்பாகத் தெரிந்தால் திரும்பவில்லை, தண்ணீர் மாதிரி ஏதோ இருக்கிறது. தண்ணீரைத் தாண்டிப் போகும் ஒலி வலுக் குறையாமல் போவதால் அதன் பின்னால் ஒரு வெளிச்சப் பட்டை தெரியும்.

என் சுரப்பியில் ஒரு கருப்பு வட்டம் இருந்தது. அதன் பின்னால் ஒரு வெளிச்சப் பட்டையும் இருந்தது.

டாக்டரின் சீட்டில் “வேல் குத்திய கன்னம், உமிழ்நீர்த் தேக்கமா?” என்று இருந்தது. படம் எடுப்பவர் அதைப் படித்தார், படத்தைப் பார்த்தார், தேக்கம்தான் என்று எழுதினார். கோவில் கூடத்தில் கரும்பலகையில் அந்த வட்டத்தை வரைந்து, ஒலி எப்படிப் பார்க்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன்.

தேங்கியதை உறிஞ்சி எடுக்க டாக்டர் ஊசி போட்டார். ஒன்றும் வரவில்லை, நுனியில் ஒரு சொட்டு ரத்தம் தவிர. உமிழ்நீர் கெட்டிப்பட்டுவிட்டது என்றார். தண்ணீர் என்று சொன்ன இடத்தில் தண்ணீர் வராதபோது அது தண்ணீர்தானா என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது. எலுமிச்சை மிட்டாய் சப்பச் சொன்னார், காதடியை முன்பக்கமாக நீவிவிடச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். மழைக்காலம் போய்க் குளிர்காலம் வந்தது. மிட்டாய் சப்பினேன். நீவினேன்.

முதலில் கவனித்தவன் பாஸ்கல். தலைநகரின் ஓரத்து ரோஷ் புவாவிலிருந்து வருகிற கிரியோல் இனத்துப் பையன், வரவேற்பு மேசையில் எனக்குப் பக்கத்து இடம். ஒரு காலை, வயதான ஜெர்மன் அம்மாள் ஒருவருக்குச் சாவி கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் பாஸ்கல் முழங்கையால் இடித்தான்.

“ஏய் தேவா, பாட்டிக்குக் கண்ணடிக்கிறியா? அவ புருஷன் மேலே அறையிலதான் இருக்கான்.”

இல்லையே என்றேன். அடித்தாய் என்றான். மதியம் மறுபடி பார்த்தான், இந்த முறை சிரிக்கவில்லை. “மோ ஃப்ரேர், உன் வலது கண்ணு மூடித் திறக்குது. இடதுக்கு அது தெரியவே இல்லை.”

என் சகோதரனே, என்றுதான் சொன்னான். கழிப்பறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் மூடினேன். இடது இமை அரைக்கணம் பிந்தி வந்தது.

அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டை நிபுணர் அதிகம் பேசவில்லை. கண்ணை இறுக்கி மூடு, கன்னத்தை உப்பு, பல்லைக் காட்டு, நெற்றியைச் சுருக்கு. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்கு நடுவில்தான் கிளை கிளையாகப் போகிறது என்றார். தேங்கிய உமிழ்நீர் அதை அழுத்துமா என்று கேட்டேன். “பொதுவா அழுத்தாது” என்றார். சீட்டு எழுதினார். இந்த முறை மோகா பக்கம் ஒரு மருத்துவமனை. கழுத்துக்கென்றே சின்ன கருவி அங்கே புதிதாக வந்திருக்கிறது என்றார்.

அக்கா லீவு போட்டுவிட்டு உடன் வந்தாள். படம் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர், வெளிநாட்டில் படித்து வந்தவர். படுத்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன்: தைப்பூசம், வேல், குழாய். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கதை அப்புறம். முதல்ல கழுத்து பேசட்டும்.”

சோப்புக் கட்டி அளவுதான் இருந்தது அந்தக் கருவி. அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். அதே கருப்பு. ஆனால் இப்போது அது வட்டம் இல்லை. ஓரம் ஒரு பக்கம் பிய்ந்த துணி மாதிரி சுரப்பிக்குள் இழை இழையாக ஓடியது. உள்ளே மெல்லிய மணல்போல் ஏதோ இருந்தது. அழுத்தியபோது அது நசுங்கவும் இல்லை, அலையவும் இல்லை. கீழே கழுத்தில் இன்னும் இரண்டு சிறிய கருப்புகள். அவற்றை நெறிகட்டிகள் என்றார் (நோயை வடிகட்டப் பார்க்கும் நிணநீர் முடிச்சுகள்).

“தண்ணியா டாக்டர்?”

“இல்லை. இது சதைக்கட்டி. ஒரே மாதிரி செல்லா நெருக்கமா அடைஞ்சிருந்தா, அதுவும் கருப்பாத்தான் தெரியும். பின்னால வெளிச்சமும் வரும். பெரிய கருவியில பார்த்தா தண்ணி மாதிரியே இருக்கும்.” கருவியைக் கீழே வைத்துவிட்டு, “இப்ப சொல்லுங்க, வேல் கதை என்ன?” என்றார்.

சொன்னேன். முழுதும் கேட்டார். வேலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். வேல் குத்தும்போதே இது உள்ளே இருந்திருக்கும். தைப்பூசம் வராமல் இருந்திருந்தால் ஒருவேளை யாராவது முதலிலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். அந்த ஒருவேளையை அவர் சொல்லவில்லை, பஸ்ஸில் திரும்பும்போது நான் சொல்லிக்கொண்டது. படத்தில் இருந்தது கருப்பு மட்டும். தண்ணீர் என்று ஊற்றியது நாங்கள்.

உங்களிடம் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: படம் எடுக்கப் போகும்போது உங்களுக்குத் தெரிந்த காரணத்தை முதலில் சொல்லாதீர்கள். பார்த்து முடிக்கட்டும். நீங்கள் விழுந்திருக்கலாம், பல் பிடுங்கியிருக்கலாம், நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கலாம். எல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்திச் சில செல்களை எடுத்தார்கள் (மெல்லூசிச் சோதனை என்பார்கள்). இந்த முறை எடுக்க வேண்டியது வந்தது. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்று முடிவு வந்தது (உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்று. மெதுவாக வளரும், நரம்பைப் பற்றிக்கொண்டு நகரும்). மெதுவாக என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நல்ல சொல் என்றே நினைத்தேன்.

அம்மாவிடம் அக்காதான் சொன்னாள். அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

“தம்பி, விரதத்துல ஹோட்டல்ல ஏதாவது சாப்பிட்டியா? மீனு, முட்டை… தெரியாமக் கூட?”

இல்லை என்றேன். உண்மை அது. அவள் கண் நம்பவில்லை. நம்பினால் அவளுக்கு எதுவும் மிஞ்சாது. நான் சாப்பிட்டிருந்தால் காரணம் உண்டு, காரணம் இருந்தால் பரிகாரம் உண்டு. அக்கா எழுந்து வந்து, “அவன் சாப்பிடலை. சாப்பிட்ட எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க. இனிமே இதைக் கேட்காதே” என்றாள். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குத் தானே பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள் என்று பின்னால் தெரிந்தது.

அறுவை மருத்துவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: நரம்பை விட்டுவைக்க முடியுமா? திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். கண் விழித்தபோது தலை முழுதும் கட்டு. அக்கா கட்டில் ஓரத்தில் இருந்தாள். கேட்க வாயைத் திறந்தேன். வாய் வலது பக்கமாக ஓடியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

நரம்பு கட்டிக்குள் புதைந்திருந்தது, முழுதும் எடுக்க வேண்டியதாயிற்று என்று அறுவை மருத்துவர் மறுநாள் விளக்கினார். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் மிஞ்சியிருக்குமா என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். அது என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதா, தெருமுனை டாக்டரைக் காப்பாற்றுவதற்காகவா, அல்லது உண்மையா, எனக்குத் தெரியவில்லை.

பிறகு கோபால்ட் கருவியில் கதிர்வீச்சு (கண்ணுக்குத் தெரியாத கதிரால் மிச்சமிருக்கும் செல்களைச் சுடுவது). வாரக்கணக்கில் பஸ்ஸில் போய் வந்தேன். கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. வாய் வறண்டது. சோற்றுக்கு ருசி போய், ஈரத் தாளை மெல்வதுபோல் இருந்தது. இடது கண் மூடாது. தூங்கும்போது இமையை அக்கா பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவாள். டீ குடித்தால் இடது ஓரத்தில் வழியும், வழிவது எனக்குத் தெரியாது. சட்டையில் விழுந்த பிறகு தெரியும்.

சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு தடவை போனேன். ‘அப்பா’ என்று சொல்லிக்கொடுக்க உதடு சேரவில்லை, காற்றுதான் வந்தது. ஒரு பிள்ளை சிரித்தது. மற்றவர்கள் அதை அதட்டினார்கள். சிரித்ததைக்கூடத் தாங்கியிருப்பேன். அதட்டியதைத் தாங்க முடியவில்லை.

ஹோட்டலில் யாரும் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. உனக்கு ஓய்வாக இருக்கும் என்று மேலாளர் என்னைப் பின்னறைக்கு மாற்றினார், ஃபேக்ஸில் வரும் முன்பதிவுகளைப் பார்க்கும் வேலைக்கு. விருந்தாளிகள் நடக்கும் வழியில் அந்த அறை இல்லை. பாஸ்கல் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்வான். “உன் மூஞ்சி இப்ப அரசியல்வாதி மாதிரி இருக்கு. ஒரு பக்கம் ஆமாங்குது, ஒரு பக்கம் ஒண்ணும் சொல்லலை” என்றான். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான், பாதி முகத்தால்.

சிகிச்சை முடிந்த பிறகான முதல் பரிசோதனையில் மோகா மருத்துவர் கழுத்தைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னார், வழக்கமாக எடுப்பதுதான் என்றார். இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்ன நிழல்கள், மிளகு தூவியதுபோல. கழுத்திலிருந்து போனவை.

“இதுக்கு மருந்து?” என்றேன் அறுவை மருத்துவரிடம்.

“கேட்கிற மருந்து இல்லை. ஆனா இது ரொம்ப மெதுவா வளரும். சிலர் பல வருஷம் நல்லா இருந்திருக்காங்க.”

“சிலர்னா?”

அவர் படத்தை உறைக்குள் போட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். பதினைந்து வருடம் இருந்தவர்களும் உண்டு, இரண்டு வருடத்தில் போனவர்களும் உண்டு என்று பின்னால் வேறொருவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். மெதுவாக என்பது நல்ல சொல் இல்லை. விரைவாக வருவதை எதிர்த்து நிற்கலாம். இது கூடவே நடந்து வருகிறது.

இப்போது சாப்பிடும்போது ஒன்று நடக்கிறது. வாய் வறண்டே இருக்கிறது. ஆனால் இடது கன்னத்தில், காதுக்கு முன்னால், வியர்க்கிறது. குழம்பின் வாசனைக்கே முத்து முத்தாக அரும்பும். மருத்துவர் விளக்கினார்: உமிழ்நீர் சுரக்கச் சொல்லும் நுண்ணிய நரம்புகள் அறுந்த இடத்திலிருந்து மறுபடி வளர்கின்றன. போய்ச் சேர அங்கே சுரப்பி இல்லை. தேடிக்கொண்டே தோலுக்கு வந்து, அங்கே இருக்கிற வியர்வைச் சுரப்பியில் ஒட்டிக்கொண்டுவிட்டன. பசித்தால் கன்னம் நனைகிறது. முகத்தை அசைத்த நரம்பு திரும்ப வளரவில்லை. இது வளர்ந்திருக்கிறது, யாருக்கும் பயன்படாமல். அதே வேகத்தில் நெஞ்சுக்குள் வேறொன்றும் வளர்கிறது. என் உடம்பு என்று நான் சொல்வது இப்போது யார் யாரோ தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஒரு வீடு. நான் அதில் ஒரு அறையில் இருக்கிறேன்.

முன்பு எனக்கு அடுத்த வாரம், அடுத்த மாதம் எல்லாம் இருந்தன. இப்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் உள்ளது மட்டும் இருக்கிறது. அதற்குள் நான் நோயாளியும் இல்லை, குணமானவனும் இல்லை. படம் எடுத்த அன்று ஏதாவது ஒன்றாகிறேன்.

அக்காவுக்குத் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவரைப் பேசியிருந்தார்கள். என் அறுவைக்காகத் தள்ளிப்போட்ட கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை கோவில் குருக்கள் இரண்டு நாள் பார்த்துக் கொடுத்தார். ஒன்று ஆடிக்கு முன்னால், துணி எடுக்கவும் மண்டபம் பிடிக்கவும் நேரம் பற்றாது. மற்றது தை மாதம், எல்லோருக்கும் வசதி. மாப்பிள்ளை வீட்டாருக்கும் தைதான் விருப்பம். அக்கா இரண்டையும் என்னிடம் சொல்லிவிட்டு, தட்டில் சோறு போட்டாள். அடுத்த எக்ஸ்ரே ஐப்பசியில் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

“எதுல வைக்கட்டும், தம்பி?” என்றாள்.

“முன்னால வை, அக்கா.”

அக்கா குழம்பை ஊற்றினாள்.